மருந்து தந்த மாமேதை எல்லாப்பிரகட சுப்பாராவ்



ஆண்டு மலருக்கு யூனியனில் கட்டுரை கேட்டபோது, மெக்கானிக்கல் படிக்கிறவன் லேத்தைப் பற்றியோ வெல்டிங்கைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்க அப்பத்தாவுக்கு முடக்குவாதம். விரல் எல்லாம் மடங்கி, காலையில் எழுந்தால் செம்பைக்கூடப் பிடிக்க முடியாது. மதுரைக்குக் கூட்டிப் போய் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். அதில் இரண்டு மாத்திரை ரெண்டுமே மஞ்சள், ரெண்டுமே சின்னது. ஒன்று வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். இன்னொன்று மற்ற நாட்களில். சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்தன். நான் காலேஜுக்கு வந்திருந்த வாரத்தில் அப்பத்தா மாற்றிப் போட்டுவிட்டது. வாராந்திர மாத்திரையைத் தொடர்ந்து நாலு நாள் போட்டிருக்கிறது. வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்கவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. கையும் காலும் ஓடவில்லை. பஸ் பிடித்து ஓடினோம்.

பிழைத்துக்கொண்டது, ஆண்டவன் புண்ணியம். அங்கே இருந்த இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். வாராந்திர மாத்திரை மெத்தோட்ரெக்சேட். மற்றது ஃபோலிக் அமிலம். ஒன்றுக்கு ஒன்று எதிரி. ஒன்று பூட்டுகிறது, இன்னொன்று திறக்கிறது. இதில் அதிசயம் என்னவென்றால், ரெண்டுமே ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மனிதரின் தலைமையில் உருவானவை. அவர் நம்ம சென்னையில் படித்தவர் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெயரை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் அவர் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு சீக்கிரமே ஓய்வு பெற்றுவிட்டார். தாயார் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் இவர் நான்காவது. நன்றாகப் படித்து முதல் மார்க் வாங்கிய பிள்ளை என்று நினைக்க வேண்டாம். 13 வயதில் வீட்டை விட்டு ஓடி, காசிக்கு வரும் யாத்ரீகர்களுக்குப் பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று கிளம்பியவர். பாதியில் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ரெண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் தேறினார், அதுவும் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

பிறகு மாநிலக் கல்லூரி. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மா விடவில்லை. கடைசியில் மருத்துவம் படிக்க சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னால் மாமனாராகப் போகிறவரும் பண உதவி செய்தார்கள். அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய விஷயம் நடந்தது. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு கதர் உடுத்த ஆரம்பித்தவர், அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியிலேயே போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.

நண்பர்களே, இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எப்படிக் கேட்டார்கள்? இன்ஜினியரிங் கிடைக்கலையா என்று இழுத்தார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவனே நான்தான். இருந்தும் அந்தக் கேள்வி வந்தது. எல்.எம்.எஸ். என்பதும் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வியைச் சுமந்த படிப்புத்தான். அரசு மருத்துவப் பணிக்கு அவர் முயன்றும் கிடைக்கவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தும் வேலைக்குப் போனார்.

அதற்கிடையில் குடும்பத்தில் பெரிய இடி. சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொண்டுபோயிற்று. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றி, ஆள் கரைந்துபோகும் நோய் அது. மருத்துவம் தெரிந்தும் காப்பாற்ற மருந்து இல்லை. இந்த நோயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1922 அக்டோபரில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளை உதவுவதாகச் சொன்ன வாக்கும், மாமனார் புரட்டிக் கொடுத்த பணமும்தான் கையில். இளம் மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார். போன பிறகு ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒரு வயது நிறைவதற்குள் தொற்று நோயில் இறந்தது. அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவத்தில் ஒரு டிப்ளமோ. (ஆமாம், அங்கேயும் டிப்ளமோதான்!) வயிற்றுப்பாட்டுக்கு இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலச் சட்டி கழுவும் வேலை. பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். மாதிரியில் மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, ஒடுக்கும் பொருள் ஒன்றை விட்டால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். நிறமானியில் வைத்துப் படித்தால் அளவு தெரிந்துவிடும். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றைக்கும் இதைச் செய்து பழகுகிறார்கள்.

அந்த அளவுகோல் கையில் கிடைத்ததும் கதவுகள் திறந்தன. 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டார்கள். தசை எப்படிச் சுருங்குகிறது என்று 1922-க்கான நோபல் பரிசு வாங்கிய விளக்கமே அதனால் ஆட்டம் கண்டது. 1929-இல் ஏ.டி.பி. நாம் பத்தாம் வகுப்பில் உயிரின் சக்தி நாணயம் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். அதே வருடம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். பாடப் புத்தகத்தில் ஏ.டி.பி. இருந்தது, சுப்பாராவ் பெயர் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1930-இல் பிஎச்.டி. வாங்கினார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. அதே துறையில் படித்து பின்னாளில், 1988-இல், நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்கள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளியே வராமல் போய், பல வருடம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று சொல்லியிருக்கிறார். ஈரலில் ரத்தசோகையைத் தீர்க்கும் சத்து என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சியையும் அங்கே தொடங்கியிருந்தார். அதற்குக் கூடை கூடையாக ஈரல் வேண்டும், பெரிய பாத்திரங்கள் வேண்டும், ஆள் வேண்டும். பல்கலைக்கழக மேஜையில் கிராம் கணக்கில் பார்க்கலாம். கிலோ கணக்கில் பார்க்க வழியில்லை.

1940-இல் அவர் ஒரு முடிவு எடுத்தார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அது அமெரிக்கன் சயனமிட் என்ற பெரிய ரசாயனக் கம்பெனிக்குச் சொந்தமானது.

இந்த முடிவின் கனம் இன்றைக்கு நமக்குப் புரியாது. கேம்பஸ் இன்டர்வியூவில் கம்பெனி எடுத்தால் நாம் ட்ரீட் கேட்கிறோம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் பேராசிரியர்கள் மருந்துக் கம்பெனிக்குப் போனவனை, காசுக்கு விலைபோனவன் என்றுதான் பார்த்தார்கள். அங்குள்ள மருந்தியல் அறிஞர்கள் சங்கம், கம்பெனியில் வேலை செய்பவரை உறுப்பினராகவே சேர்க்காது என்று விதி வைத்திருந்தது. 1941-இல்தான் அந்த விதி போனது. அதற்காகக் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ஒட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்சுலின் 1922-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் உலகத்துக்கே போதுமான அளவு தயாரிக்க எலை லில்லி கம்பெனியின் தொழிற்சாலை தேவைப்பட்டது. ஆக, இரண்டு பேருக்கும் ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு ஆகாது. கூச்சம் மட்டும் இருந்தது.

லெடர்லியில் சுப்பாராவ் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். இங்கேதான் அவர் செய்தது என்ன என்று நான் ரொம்ப யோசித்துப் பார்த்தேன். என் புத்திக்கு எட்டியவரை, அவர் கம்பெனிக்குள் ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டினார். வேதியியல்காரர், நுண்ணுயிர்க்காரர், மிருக வைத்தியம் தெரிந்தவர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார். அப்புறம் வெளியே இருந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளைக் கூட்டாளி ஆக்கினார். பொருள் இங்கே, நோயாளி அங்கே.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் நாட்டிலேயே ஆரம்பிக்கிறது. 1928 முதல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்களிடம் கர்ப்ப கால ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் சரியாகிறது, ஆனால் அதில் உள்ள சத்து என்ன என்று தெரியவில்லை. அந்தச் சத்தை ஈரலிலிருந்து பிரித்து, அதன் அமைப்பைக் கண்டு, 1945-இல் செயற்கையாகச் செய்தே காட்டியது சுப்பாராவின் குழு. அறிவியல் இதழில் வந்த அந்தக் கட்டுரையில் ஒரு பட்டாளமே பெயர் போட்டிருக்கிறது. இயக்குநர் என்று முதலில் நிற்கவில்லை, நடுவில் ஏழாவது பெயராக நிற்கிறார். டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அந்த மருந்தை எடுத்துக் கொண்டுபோய் நோயாளிகளுக்குக் கொடுத்தார். எந்த நோயில் நன்றாகக் கேட்டது தெரியுமா? ஸ்ப்ரூ! சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய். இருபது வருடத்துக்கு மேல் தாமதம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் நமக்கு நீல மாத்திரை கொடுத்து, டீச்சர் எதிரிலேயே விழுங்கச் சொல்வார்களே, அதில் இரும்போடு சேர்ந்து இருந்ததும் இந்த ஃபோலிக் அமிலம்தான். நாம் பாதிப் பேர் ஜன்னல் வழியே எறிந்தோம் என்பது வேறு விஷயம்.

அடுத்து அதன் எதிரி. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஹார்வர்டைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று தவித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த நோய் என்றால் சில மாதங்களில் மரணம், மறுபேச்சு இல்லை. லெடர்லி அனுப்பிய ஃபோலிக் அமில வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமாகிற மாதிரி இருந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். ஃபார்பர் தலைகீழாக யோசித்தார். இந்தச் சத்து நோய்க்குத் தீனி என்றால், சத்தைத் தடுக்கும் பொருள் நோயைப் பட்டினி போடுமே! சுப்பாராவின் கூடத்தில் அப்படிப்பட்ட பொருட்கள் தயாராகிக்கொண்டிருந்தன.

நம் பாஷையில் சொல்கிறேன். செல் ஒன்று இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. செய்ய வேண்டும், அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அது ஒரு நட்டில் போல்ட் ஏறுவது மாதிரி ஒரு நொதியில் போய் உட்காருகிறது. பார்வைக்கு அதே போல்ட், ஆனால் மரை கொஞ்சம் மாறினது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறும், பாதியில் இறுகிவிடும், கழற்றவே வராது. ஒர்க்‌ஷாப்பில் நாம் எத்தனை தடவை அப்படி மாட்டியிருக்கிறோம்! அமினோப்டெரின் அப்படி மரை மாற்றிச் செய்த மருந்து. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்தான் முதலில் மாட்டும். கூடவே வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை மாதிரி வேகமாக வளரும் நல்ல செல்களும் மாட்டும். எங்க அப்பத்தாவுக்கு வாயில் புண் வந்த காரணம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்ததாகச் சொன்னார். தற்காலிகம்தான். அந்த மருந்தில் நோய் திரும்பி வந்தது. ஆனால் அதுவரை யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அதே வருடம் வானொலி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் பொதுமக்கள் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஃபார்பரின் ஆராய்ச்சிக்கு அனுப்பிக் குவித்தார்கள். கம்பெனி மருந்து கொடுத்தது, கல்லூரி ஆஸ்பத்திரி சோதித்தது, ஜனங்கள் சில்லறை போட்டார்கள். அமினோப்டெரினுக்குத் தம்பியாக வந்த மெத்தோட்ரெக்சேட் 1956-இல் பெண்களுக்கு வரும் ஒரு வகைக் கட்டிப் புற்றை முழுசாகவே குணப்படுத்திக் காட்டியது. மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்துக்கும் கேட்கிறது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுத்தத்தின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் கிருமி தொற்றியதால் அதற்கு மருந்து தேடினார்கள். சுப்பாராவ் குழு 1947-இல் டை எத்தில் கார்பமசினைக் கொடுத்தது. கும்பகோணம், காஞ்சிபுரம் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வீடு வீடாக வந்து விழுங்க வைத்த டி.இ.சி. மாத்திரை அதுதான். அடுத்தது ஆரியோமைசின். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர், எழுபது வயதைத் தாண்டியவர். அவரை லெடர்லியில் வைத்து, பல ஊர்களிலிருந்து மண் தருவித்துச் சோதிக்க விட்டார்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தின் பரிசோதனைப் பண்ணையிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து வந்ததுதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. பல்கலைக்கழக மண், பல்கலைக்கழகத்து ஓய்வுபெற்ற பேராசிரியர், கம்பெனியின் நொதிக்கலன்! நம்ம திருமங்கலம் கரிசலில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். கம்பெனி என்றால் லாபக் கணக்கு உண்டு. டெட்ராசைக்ளின் விலையைக் கூடிப் பேசி உயர்த்தி வைத்தார்கள் என்று 1958-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சயனமிட், பைசர் உள்ளிட்ட கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. விவகாரம் பல வருடம் இழுத்தது. அப்போது சுப்பாராவ் உயிரோடு இல்லை. மண்ணைக் கொடுத்த பண்ணைக்கு என்ன கிடைத்தது, மாத்திரை வாங்கிய ஏழைக்கு என்ன விலை என்ற கேள்விகள் இன்னமும் தீர்ந்தபாடில்லை. 1980-இல் பே-டோல் சட்டம் வந்து, அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்கும் பல்கலைக்கழகமே காப்புரிமை வைத்துக்கொண்டு கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று ஆனபிறகு அந்தக் கேள்விகள் கூடத்தான் செய்திருக்கின்றன.

நம் பக்கத்திலும் இந்தக் கூட்டு நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் செயற்கை இதய வால்வு செய்யக் கிளம்பி, மூன்று மாடல்கள் தோற்று, நான்காவதில் ஜெயித்தது. கோபால்ட் கலவையில் சட்டம், கடினமான பாலிஎத்திலினில் சாயும் தட்டு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தயாரிப்பை எடுத்துக்கொண்டது டி.டி.கே. குழுமம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் இதுவரை பொருத்தப்பட்டிருக்கின்றன. டர்னிங், ஃபினிஷிங், டாலரன்ஸ் எல்லாம் நம்ம சிலபஸ்தான் நண்பர்களே! மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992-இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை உள்ளூரிலேயே செய்து விலையைத் தரைக்குக் கொண்டுவந்தது.

சுப்பாராவுக்கு வருவோம். அவர் தன் பெயரைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. பேட்டி, மேடை, மாலை எதற்கும் அலையவில்லை. கண்டுபிடிப்போடு தன் பெயரை ஒட்டவைக்க எல்லா விஞ்ஞானிகளும் செய்கிற சாதாரணக் காரியத்தைக்கூட அவர் செய்யவில்லை. இது பெருந்தன்மையா, இல்லை ஹார்வர்டில் பட்ட காயமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றில் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. பெயர் வேண்டாம் என்று அவர் விட்டதால், அடுத்து வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு முன்னால் போனவர் ஒருவர் உண்டு என்பதே தெரியாமல் போய்விட்டது.

கடைசி வரை அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. ஆரியோமைசின் பற்றிய அறிவிப்பு வந்து சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53. கம்பெனி விஞ்ஞானி ஒருவர் 1953-இல் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார். இந்திய அரசு நூற்றாண்டையொட்டி 1995-இல் தபால்தலை வெளியிட்டது.

இப்போது அப்பத்தாவின் மாத்திரையை நான் ரெண்டு டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டப்பாவுக்குச் சிவப்புப் பெயிண்ட், ஒர்க்‌ஷாப்பில் மிச்சம் இருந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமே. ஒரு ஞாயிறு மாத்திரையை எடுத்துக் கொடுத்தபோது, இதைக் கண்டுபிடித்த மனுஷன் கதையை அப்பத்தாவுக்குச் சொன்னேன். ஏ.டி.பி., மண், பூஞ்சை எதுவும் அதற்கு ஏறவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, ஊரில் விட்டுட்டுப் போன பொண்டாட்டியைப் பார்க்க அந்த ஆள் வந்தாரா என்று மட்டும் கேட்டது. வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தண்ணிச் செம்பை ரெண்டு கையாலும் பிடித்து மாத்திரையை விழுங்கியது.